நின்று எரிந்த சிவப்பு விளக்கு

எங்கள் குப்பத்தில் பொழுது சாயும் வேளையில் பெண்கள் வாசலில் விளக்கை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். என் தங்கை மட்டும் வாசலிலேயே நின்று தெற்கே பார்ப்பாள். அங்கே, கடலும் கழியும் ஒன்றாய்க் கலந்து மங்கும் கோட்டிற்கு மேலே, பழைய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பிற்காலத்தில் அதன் அருகே எழுந்த புகைபோக்கிகளின் விளக்குகள் விட்டு விட்டு மின்னுபவை. பழையதன் விளக்கு மின்னாது, நின்று எரியும். அது எரிவதைக் கண்ணால் கண்ட பிறகே அவள் அடுப்படிக்குத் திரும்புவாள். அவள் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாமற்போன நாள் முதல் இவ்வழக்கம் தொடர்ந்துவந்தது.

அவரை நான் மாப்பிள்ளை என்றே அழைத்து வந்தேன். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

கலங்கரை விளக்கமாய் நின்ற கடற்கரை விளக்குத்தூணும் அந்தப் புகைபோக்கியும் சேர்ந்துதான் எங்கள் தலைமுறைக்கு வழி காட்டின. வடகிழக்குக் கடலிலிருந்து மாலையில் திரும்புகிறவன் புகைபோக்கியின் சிவப்பு விளக்கைத் தன் மூக்குக்கு நேரே வைத்துப் போட்டைச் செலுத்த வேண்டும். விளக்குத்தூண் வலது தோளுக்கு வந்ததும் கரையை நோக்கித் திருப்ப வேண்டும். முகத்துவாரம் தானாக வந்து எதிரில் நிற்கும். அந்த நிலையம் கட்டப்படுவதற்கு முன் எங்களைப் பெற்ற நைனா எதைப் பார்த்துத் திரும்பினார் என்பதை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நகரத்திற்கு மின்சாரம் செய்வதற்காக எழுப்பியதை நாங்கள் கரைக்குறியாக எடுத்துக்கொண்டோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. யாருக்கும் அது தெரியவும் தெரியாது.

நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி கப்பலில் வரும். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் கிடக்கும். எங்கே எப்படிச் சிதறியதோ, வலையில் கரிக்கட்டிகள் ஏறி வருவதுண்டு. மற்றவர்கள் அவற்றைத் திட்டிக்கொண்டே கடலில் வீசுவார்கள். மாப்பிள்ளை வீசமாட்டார். மீன் கூடையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து என் தங்கையின் முன்னே வைப்பார்.

"இந்தா, இன்னிக்கி மீனு கம்மி. கரண்டு தான் மாட்டிச்சு. நல்லா வறுத்து வையி."

"கரண்டைத் தின்னுட்டு நீ எரி. எனக்குச் சோறு போதும்" என்பாள் அவள்.

ஒரு முறை அவள் அக்கரியை உண்மையாகவே அடுப்பில் இட்டாள். அது எளிதில் பற்றவில்லை. பற்றியபின் வீடெல்லாம் கந்தக நாற்றம். அதன்பிறகு கொண்டுவந்த கட்டிகளை அவள் கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டு வைத்தாள். எதற்கு என்று கேட்டால், கிடக்கட்டும் என்பாள்.

எனக்குப் பள்ளிப்படிப்பு அதிகமில்லை. பொட்டலத் தாளிலும் படிப்பகத்துப் பழைய இதழ்களிலும் வாசித்து அறிந்துகொண்டவை சில. மழைக்காக நான், தங்கை, மாப்பிள்ளை மூவரும் வீட்டுக்குள் அடைந்திருந்த ஒரு பகலில், நிலக்கரி என்பது யாது என்பதை அவர்களுக்குக் கூறலானேன். மனிதர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னர் சதுப்பு நிலங்களில் நின்ற காடுகள் சேற்றில் சாய்ந்து, மண்ணுக்கு அடியில் அழுந்தி, கறுத்துக் கல்லாயின என்றேன். அக்கல்லை எரித்து நீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள் என்றேன். பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவும், டீசலும்கூட முன்னொரு நாளில் உயிரோடிருந்தவற்றின் மிச்சமே என்று முடித்தேன்.

மாப்பிள்ளை மேலே தொங்கிய குண்டுபல்பைப் பார்த்தார். "அப்போ இது எரியறதுக்கு ஒரு பொணம் வோணும்ன்றே, மச்சான்."

என் தங்கை சிரிக்கவில்லை. "ஏன்ணா, செத்து மண்ணுக்குள்ள போன மரமே இத்தினி காலத்துக்கு அப்புறம் வெளிச்சமா திரும்பி வருதா?"

"ஆம், அப்படித்தான்" என்றேன். என் சொற்பொழிவை ஒருவர் கருத்தாகக் கேட்டதில் எனக்குப் பெருமை. அக்கேள்வி அவளுக்குள்ளே தங்கிவிட்டதை அப்போது நான் அறிந்திலேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த நாட்களில், மாப்பிள்ளை கடலுக்குப் போனார். அவரோடு போனவர் அந்தப் போட்டின் சொந்தக்காரர் ஒருவர்தான். மாப்பிள்ளையை விட இளையவர், எப்போதும் வாய் ஓயாதவர். அன்று மாலை போட்டு வரவில்லை. மறுநாள் காலை வேறு போட்டுக்காரர்கள் கவிழ்ந்து மிதந்த போட்டையும், அதன் மேல் ஒட்டிக் கிடந்த அவரையும் கண்டு கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை இல்லை.

போர்வையைச் சுற்றிக்கொண்டு போட்டின் சொந்தக்காரர் எங்கள் வாசலில் அமர்ந்து சொன்னது எனக்கு எழுத்துத் தவறாமல் நினைவிருக்கிறது.

"வழிகாட்டுற மிஷினு நனைஞ்சி செத்துப்போச்சி, அண்ணி. மழையில கரை தெரியல. அப்போ லைட்டு தெரிஞ்சிச்சி. செகப்பு. நின்னு எரிஞ்சிச்சி. அண்ணன் தான் கையைக் காட்டுனாரு. 'அதோ கீது சிம்னி, நேரா புடி'ன்னாரு. புடிச்சேன். போய்க்கினே கீறோம், கரை வரல. கிட்டப் போனா கப்பலு, அண்ணி. கரிக்கப்பலு. அதுமேல கீற கிரேனுல எரியற லைட்டு. போட்டைத் திருப்பறப்போ அலை பக்கவாட்டுல அடிச்சிச்சி."

அன்று புகைபோக்கியின் விளக்கு எரிந்ததா என்பது எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. மழை மறைத்தது என்றார்கள் சிலர். நிலையமே நின்றுபோய் விளக்கும் அணைந்திருந்தது என்றார்கள் வேறு சிலர். கரிக்காகக் காத்திருந்த நிலையமும், நிலையத்துக்காகக் கரியோடு காத்திருந்த கப்பலும், இடையில் எங்கள் போட்டும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

என் தங்கை அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் ஏற்கவில்லை.

"சிம்னிக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாதவரா என் புருஷன்? கழுகு கண்ணு அவருக்கு. நீ இன்னா பண்ணே, அதைச் சொல்லு. குடிச்சிட்டுக் கெடந்தியா? விட்டுட்டு வந்தியா?"

அவர் தலை குனிந்தார். அதன்பின் அந்தக் குப்பத்தில் இருவரும் பேசிக்கொண்டதில்லை. தெருக்குழாயில் அவர் நின்றால் இவள் குடத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள்.

கடல் திருப்பித் தராதவருக்கு எங்களிடையே ஒரு முறை உண்டு. காத்திருக்கும் வரை காத்திருந்து, வைக்கோலாலும் ஓலையாலும் ஓர் உருவம் கட்டி, அவர் உடுத்திய துணியை அதற்குச் சுற்றி, கரையில் எரித்து, மறுநாள் பால் தெளித்துச் சாம்பலை முகத்துவாரத்தில் கரைப்பார்கள். குப்பத்துப் பெரியவர்களான கிராமத்தார் வந்து அதைப் பற்றி மெதுவாகப் பேசினார்கள். அவள் கழுத்துத் தாலியைக் கையால் பற்றிக்கொண்டு கேட்டாள்.

"வைக்கோலைக் கொளுத்திட்டு அவருன்னு சொல்லுவீங்களா? நாளைக்கி ஆந்திரா பக்கத்துல எங்கனா கரையேறி, லைட்டைப் பாத்து வந்து நின்னு, 'என்னையாடி கொளுத்துனே'ன்னு கேட்டா, நான் இன்னா பதிலு சொல்றது?"

அவர்கள் போனபின் என்னிடம் திரும்பினாள். "நீ தானேண்ணா சொன்னே? மண்ணுக்குள்ள போன மரமே திரும்பி வருதுன்னு. மனுசன் வரமாட்டாரா?"

அவளுக்கு அவர் ஏமாந்தார் என்பது பொய்யாக இருந்தாக வேண்டும். ஏமாறாத மனிதர் மூழ்கியிருக்க முடியாது. மூழ்காதவர் வந்தே தீருவார். இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் அவள் நாட்கள் நின்றன.

அவளுடைய அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. எங்கள் வீட்டுக் குழல்விளக்கு பழையது. பொத்தானை அழுத்தினால் உடனே எரியாது. ஓரிரு முறை துடித்துவிட்டுப் பிறகே எரியும். அத்துடிப்பில் யாரோ ஒருவர் உள்ளே வர முயன்று வாசலில் தடுக்கப்படுவதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கு சொல்வதில்லை. கரியிலிருந்தா, நகரத்துக்குத் தெற்கே உள்ள அணு உலையிலிருந்தா, காற்றாலையிலிருந்தா, யார் அறிவார்? காற்றுக்கும் வெயிலுக்கும் பிணம் வேண்டியதில்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஆயினும் விளக்கு துடிக்கும்போது என் கை பொத்தானை விட்டு விலகாது.

பிறகு பழைய நிலையம் மூடப்பட்டது. புகை நின்றது. கரிக்கப்பல்கள் பக்கத்துப் புதிய நிலையங்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. கொக்குகளும் காகங்களும் அங்கே வந்து அடைவதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் உயரமான எதற்கும் உச்சியில் விளக்கு இருந்தாக வேண்டும் என்பது விதி போலும். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தானே மின்சாரம் செய்து ஊருக்கெல்லாம் கொடுத்த இடம், தன் தலைவிளக்குக்கு வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி நின்றது. பிணத்தின் நெற்றியில் வைத்த காசைப் போல அது எனக்குத் தெரிந்தது. என் தங்கைக்கு அதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எரிகிறதல்லவா, அது போதும் அவளுக்கு.

கடந்த பங்குனியில் டீக்கடையில் பேச்சு எழுந்தது. புகைபோக்கியை வெடி வைத்து இறக்கப் போகிறார்களாம். நான் வீட்டுக்கு வருமுன் செய்தி அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

"நீ ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுப்பியே, எனக்கு ஒண்ணு எழுது."

"என்னவென்று எழுதட்டும், அம்மா?"

"ஒருத்தர் இன்னும் வரணும். அதுவரைக்கும் அந்த லைட்டை எடுக்காதீங்கன்னு எழுது."

நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் என் பேனா நகரவில்லை. அவள் எதிரில் அமர்ந்து, நான் ஏன் எழுதவில்லை என்பதை என் முகத்தில் படித்துவிட்டாள். எழுந்து போனாள்.

மறுநாள் காலை அவள் நேரே கடற்கரைக்கு நடந்தாள். நான் பின்னே சென்றேன். போட்டுக்காரர் தம் போட்டின் நிழலில் வலை முடைந்துகொண்டிருந்தார். அவள் அவர் எதிரில் நின்றாள்.

"தம்பி, என்னைப் போட்டுல ஏத்து."

அவர் கையிலிருந்த ஊசி நின்றது. "இன்னா அண்ணி சொல்றே?"

"அவரு எங்க இருந்து பாத்தாருன்னு சொன்னியோ, அங்க இட்டுக்கினு போ. அந்த லைட்டு வுழறதுக்குள்ள. கப்பலு எது, சிம்னி எதுன்னு நானும் பாக்குறேன். எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? நீ சொன்னது பொய்யின்னா ஊருக்கு முன்னாடி நின்னு ஒத்துக்கணும்."

"நெசம்ன்னா அண்ணி?"

அவள் போட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

எங்கள் குப்பத்தில் பெண்கள் கழியில் படகேறுவார்கள். கடல் போட்டில் ஏறுவதில்லை. பக்கத்துப் போட்டிலிருந்த ஒருவர், "உஷாரு! பொம்பள ஏறுனா அப்பாலே போட்டுக்கு மீனு வராது" என்று குரல் கொடுத்தார்.

"ஏறாத நாள்ல மட்டும் மீனு கொட்டிக்கினு கீதா? கரிதான் வருது. போய் வேலையைப் பாருய்யா" என்றார் போட்டுக்காரர். அவர் அவளுக்காகப் பேசியதை அவள் கேட்டாள், முகம் மாறவில்லை.

அன்று பிற்பகலில் புறப்பட்டோம். அவர் இயந்திரத்தருகே, அவள் நடுவில், நான் முன்னே. மழை இல்லை, கடல் அடங்கியிருந்தது. அலையில் போட்டு எழும்போதெல்லாம் அவள் என் தோளைப் பற்றினாள். வடகிழக்கில் வெகுதூரம் சென்றபின் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். வெயில் கழிக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தது. கரை ஒரு சாம்பல் கோடாகி, அதுவும் மாலை மங்கலில் கரைந்தது. தெற்கே விளக்குகள் ஒவ்வொன்றாகத் தோன்றின.

"அண்ணன் மழையில பாத்தாரு. இப்போ வானம் தெளிவா கீது. நிதானமா பாரு, அண்ணி. எது சிம்னி?"

அவள் எழுந்து நின்றாள். சில விளக்குகள் மின்னின. அவற்றை அவள் ஒதுக்கினாள். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கவனமாகத் தேடி, பெரிதாய், மின்னாமல், நின்று எரிந்த சிவப்பைக் கண்டாள். அவள் கை நீண்டது.

"அதோ. அது தான். தெனமும் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

வாழ்நாளைக் கடலில் கழித்த நானும் அதையே சரியென்று மனத்துள் கொண்டிருந்தேன். இதை இங்கே மறைப்பதற்கில்லை.

போட்டுக்காரர் இயந்திரத்தை இயக்கி அவ்விளக்கை நோக்கிச் செலுத்தினார். நாங்கள் போய்க்கொண்டேயிருந்தோம். கரை வரவில்லை. அலையின் உயரம் கூடியது. பிறகு விளக்கின் கீழே இருள் திரண்டு, இருள் சுவராகி, சுவருக்கு நங்கூரச் சங்கிலி முளைத்தது. பாரந்தூக்கியின் நுனியில் சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. கப்பல் முழுதும் கரி. மேலே மனிதர் எவரும் தென்படவில்லை.

"சிம்னி எங்க?" என்றாள் அவள், மிகவும் மெல்ல.

அவர் வலப்புறம் வெகுதூரத்தில் காட்டினார். அங்கே ஒரு சிறு சிவப்புப் புள்ளி இருந்தது. அவள் வாசலில் நின்று இத்தனை காலம் பார்த்து வந்த விளக்கு, கடலிலிருந்து பார்க்கையில் அவ்வளவே.

நெடுநேரம் போட்டு ஆடியபடி நின்றது. அவள் உட்கார்ந்தாள். பிறகு அவரை நோக்கி, பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அன்னிக்கி ரொம்பக் குளுருச்சா தம்பி?"

அவ்வளவு காலம் வாய் ஓயாத அந்த மனிதர் அப்போது விம்மி அழுதார். "குளுருச்சி அண்ணி."

"அவரு கடைசியா இன்னா சொன்னாரு?"

"கப்பலைப் பாத்ததும் சிரிச்சாரு. 'கரண்டுக்காரன் ஏமாத்திட்டான்டா'ன்னாரு. அதைச் சொன்னா நீ என்னை அடிப்பேன்னு சொல்லல."

என் தங்கை சிரித்தாள். அவருடைய வாக்கியம்தான் அது என்பதில் அவளுக்கு ஐயமில்லை. வேறு எவரும் அதை இட்டுக்கட்ட முடியாது. சிரிப்பு அப்படியே அழுகையானது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் புகைபோக்கியின் பக்கம் பார்க்கவில்லை.

கிராமத்தாரிடம் அவளே போய்ச் சொன்னாள். விளக்குத்தூணுக்குக் கீழே, அலை எட்டாத மணலில், உருவத்தைக் கிடத்தினார்கள். மாப்பிள்ளையின் கட்டம்போட்ட லுங்கியை அதற்குச் சுற்றியது போட்டுக்காரர். கொள்ளி வைக்கும் முன் என் தங்கை கொல்லையிலிருந்து சிமெண்டுச் சாக்கை இழுத்து வந்து, கரிக்கட்டிகளை எடுத்து விறகின் இடையே அடுக்கினாள்.

"இன்னாத்துக்கும்மா இது? இதுல நெருப்பு பத்தாது" என்றார் கிராமத்தாரில் ஒருவர்.

"அவரு கொண்டாந்தது. அவருகூடவே போவட்டும்."

வைக்கோல் ஒரு கணத்தில் எரிந்து போயிற்று. விறகு அடங்கியது. மறுநாள் காலை பாலும் தண்ணீருமாகச் சென்றோம். மேலே வெள்ளைச் சாம்பல் பூத்திருந்தது. பால் பட்டதும் அது சீறியது. ஒருவர் கோலால் விலக்கினார். அடியில் கரி சிவந்து, நின்று எரிந்துகொண்டிருந்தது.

எல்லாரும் ஓரடி பின்வாங்கினோம். கிராமத்தார் குடத்தைத் தூக்கித் தண்ணீரைக் கொட்ட முனைந்தார்கள்.

"ஊத்தாதீங்க" என்றாள் அவள். "தண்ணியில தான் ஒரு தபா போனாரு. இதுவாவது தானா அணையட்டும்."

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நாங்கள் மூவரும் மணலில் அமர்ந்திருந்தோம். போட்டுக்காரர் அன்று கடலுக்குப் போகவில்லை. வெயில் ஏறியபோது கரியின் சிவப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. அனல் மட்டும் முகத்தில் பட்டது. பிற்பகலில் காற்று கரைப்பக்கம் திரும்பியது. அவள் அவ்வப்போது கையை நீட்டி, நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள் போல், சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ணா, இதுவும் மரம் தானே?"

"மரம்தான், அம்மா."

"எரிஞ்சி முடிஞ்சிட்டா, அதுக்கு அப்பால?"

என்னுடைய படிப்பில் அதற்கு விடை இருந்தது. "அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. சாம்பல்தான்."

அவள் தலையசைத்தாள். சாம்பல் ஆறியதும் அதைக் கைகளால் அள்ளிச் சட்டியிலிட்டாள். வைக்கோலின் சாம்பல் எது, கரியின் சாம்பல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. போட்டுக்காரர் எங்களை முகத்துவாரத்துக்கு அழைத்துச் சென்றார். அவள் சட்டியைக் கவிழ்த்தாள். வற்றும் நீர் சாம்பலைக் கடலின் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

கரைக்குத் திரும்புகையில் பொழுது சாய்ந்துவிட்டது. புகைபோக்கியை இன்னும் இறக்கவில்லை. அது அங்கேதான் நின்றது. அன்று அதன் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதை நான் பார்க்கவில்லை. என் தங்கை நேரே அடுப்படிக்குப் போய், எங்கள் மூவருக்கும் உலை வைத்தாள்.